பூட்டிய கதவுக்குப் பின்னால் ஒரு கழுதை

மத்தியானம் ஒன்றரை மணி. கோவில்பட்டி மெயின் ரோடு வெயிலில் வெறிச்சோடிக் கிடந்தது. தங்கம் அக்கா சாப்பிட வீட்டுக்குப் போயிருந்தார். அவருடைய டி.டி.பி. சென்டருக்குள் நானும் ஜெபராஜும் மட்டும். ஒரு மேசை ஃபேன் கழுத்தைத் திருப்பித் திருப்பி எங்கள் இரண்டு பேருக்கும் காற்றைப் பங்கு போட்டுக்கொண்டிருந்தது.

திரையில் கூர்க்குல்லா போட்ட மந்திரவாதி ஒருவன், கோட்டைச் சமையலறையின் மூலையில், ஒரு சின்னக் கதவுக்கு முன்னால் நின்றான். அந்தக் காலத்துக் கம்ப்யூட்டர் விளையாட்டு. அவன் என்ன செய்ய வேண்டுமோ அதை ஆங்கிலத்தில் அடிக்க வேண்டும். தமிழ் என்றால் நான் கண்ணை மூடிக்கொண்டு அடிப்பேன். ஆங்கிலத்துக்கு ஒவ்வோர் எழுத்தாகத் தேட வேண்டும். 'கதவைத் திற' என்பதை ஆங்கிலத்தில் அடித்து முடிப்பதற்குள் வேர்த்துவிட்டது.

திரையின் அடிப்பக்கத்தில் ஒரு வரி வந்தது.

"என்னல போட்டிருக்கான்?" என்றேன்.

ஜெபராஜ் கண்ணைச் சுருக்கிப் பார்த்தான். தொண்டையைச் செருமிக்கொண்டான்.

"உள்ள ஒரு கழுத இருக்காம்ல. கண்ணாடியத் தேடிக்கிட்டு இருக்காம். கெடச்சதும் வந்து தொறக்கேங்கு."

குடித்துக்கொண்டிருந்த தண்ணீர் எனக்கு மூக்கு வழியாக வந்துவிட்டது. சிரித்து முடிக்க ஐந்து நிமிடம் ஆனது.

சிரித்ததுதான் மிச்சம். அந்தக் கழுதையை வைத்துத்தான் நான் பிறகு அவனைத் திருடன் என்று சொன்னேன்.

ஒரு வாசகர் கேட்ட கேள்வி

நான் சிவகாசியில் ஓர் அச்சகத்தில் லேபிள் வரையச் சேர்ந்த கதையைப் போன வாரம் இந்தத் தொடரில் எழுதியிருந்தேன். சாத்தூரிலிருந்து ஒரு வாசகர் கார்டு போட்டிருக்கிறார். 'வேலைக்குச் சேர்ந்ததைச் சொன்னீர்கள், அந்த வேலை எப்படிக் கிடைத்தது என்று சொல்லவே இல்லையே?' என்று கேட்டிருக்கிறார்.

விவரமான ஆள். அந்த இடத்தை நான் வேண்டுமென்றேதான் தாண்டிப்போனேன். வாசகர் கண்ணில் மண்ணைத் தூவிவிடலாம் என்று நினைத்தேன், நடக்கவில்லை. சரி, சொல்லிவிடுகிறேன். இத்தனை வருஷமாக வயிற்றுக்குள்ளேயே கிடக்கிறது.

தொண்ணூறுகளின் நடுவில் என்று வைத்துக்கொள்ளுங்கள். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி, கடை திறப்பு, எல்லாவற்றுக்கும் எங்கள் சென்டர்தான். கம்ப்யூட்டர் என்றால் ஊரே எட்டிப் பார்த்துவிட்டுப் போகும். தங்கம் அக்கா அதற்குப் பூப்போட்ட துணியில் உறை தைத்து வைத்திருந்தார். செருப்போடு யாரும் உள்ளே நுழைய முடியாது.

"ஏலே, செருப்பக் கழத்திட்டு வாங்கல. கரிசத் தூசி மிஷினுக்குள்ள போச்சுன்னா ஒங்க அப்பனா வந்து தொடைப்பான்?"

யார் வந்தாலும் இதுதான். ஒருமுறை போலீஸ்காரர் ஒருவர் பூட்ஸைக் கழற்றி வாசலில் வைத்துவிட்டு, காலுறையோடு வந்து மகள் சடங்குப் பத்திரிகைக்கு எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

அந்தக் கம்ப்யூட்டரை மெட்ராஸிலிருந்து கொண்டுவந்து மாட்டிக் கொடுத்த ஆள், போகும்போது ஏழெட்டு ஃபிளாப்பிகளைக் கொடுத்துவிட்டுப் போனான். அதில்தான் இந்த மந்திரவாதி இருந்தான். மூன்று பாகம். அதற்கு நீளமான ஆங்கிலப் பெயர் ஒன்று உண்டு. எங்களுக்கு அவன் குல்லாக்காரன். மந்திரம் எல்லாவற்றையும் அரைகுறையாகப் படித்தவன். தவளையை இளவரசியாக்கப் போய், இளவரசியின் குரலை மட்டும் தவளைக்குக் கொண்டுவந்துவிடுவான். ராஜா துரத்துவார், பூதம் துரத்தும், கடைசியில் அவன் செய்த மந்திரமே அவனைத் துரத்தும். சாகவும் செய்வான். ஆனால் ஒவ்வொரு சாவுக்கும் ஒரு வேடிக்கை வசனம் வரும்.

எங்களுக்குள் வேலைப் பிரிவினை இருந்தது. அடிப்பது நான். வரைபடம் எழுதி வைப்பதும் நான். கழிவான பத்திரிகைத் தாள்களைத் தைத்து ஒரு நோட்டுப் போட்டிருந்தேன். எந்த அறையில் என்ன பொருள், யார் என்ன துப்புச் சொன்னார்கள் என்று எல்லாம் அதில் இருக்கும். வாசித்துச் சொல்வது ஜெபராஜ்.

உபதேசியார் மகன்

ஜெபராஜுக்கு ஓட்டப்பிடாரத்துக்கு அந்தப் பக்கம் ஒரு சின்ன ஊர். அவன் அப்பா அங்கே வேதக்கோயில் உபதேசியார், சர்ச்சில் ஜெபம் நடத்துகிறவர். வீட்டில் தமிழ் வேதாகமமும் ஆங்கில வேதாகமமும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும், இரண்டையும் வரிக்கு வரி ஒப்பிட்டு வாசித்துத்தான் இங்கிலீஷ் கற்றேன் என்பான். நான் தமிழ் மீடியம். ஆங்கிலம் என்றால் பஸ் போர்டு வாசிக்கிற அளவு. திரையில் வரும் வரியை நான் எழுத்துக்கூட்டுவதற்குள் அது மறைந்துவிடும்.

அவன் அப்பாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அந்தப் பக்கத்துக் கன்வென்ஷன் கூட்டங்களுக்கு வெளியூரிலிருந்து பிரசங்கியார்கள் வருவார்கள். அவர்கள் ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம் பேசி நிறுத்துவார்கள், பக்கத்தில் நின்று உபதேசியார் தமிழில் சொல்வார். இதை ஜெபராஜ் இரண்டு குரலிலும் நடித்துக் காட்டுவான்.

பிரசங்கியார் கையை உயர்த்தி, "தேவன் நல்லவர்" என்று ஆங்கிலத்தில் சொல்லி நிறுத்துவார். மூன்றே சொல்.

உபதேசியார் ஆரம்பிப்பார். "தேவன் நல்லவர்! எப்படி நல்லவர்? ஓட்டப்பிடாரம் பஸ்ஸுக்கு நீங்க காத்து நிக்கிய. பஸ் வரல. வெயில் மண்டையப் பொளக்கு. அப்பவும் நல்லவர்! பஸ் வருது, ஆனா நிக்காமப் போவுது. அப்பவும் நல்லவர்!"

கூட்டம் விழுந்து விழுந்து சிரிக்குமாம். பிரசங்கியாருக்கு ஒரே சந்தோஷம். நாம் சொன்ன மூன்று வார்த்தைக்கு இவ்வளவு வரவேற்பா என்று அடுத்த வாக்கியத்தை இன்னும் சத்தமாகச் சொல்வாராம்.

"அப்பா சேத்துச் சொல்லுதாவன்னு அவியளுக்குத் தெரியாதா?" என்று கேட்டேன்.

"தெரிஞ்சா என்ன? சனங்களுக்கு நல்லாப் புரியணும்லா" என்றான்.

வயிறு வலிக்கச் சிரித்தேன். இதை அவன் எத்தனையோ தடவை நடித்துக் காட்டியிருக்கிறான். அவ்வளவு தடவை பார்த்தும் என் மரமண்டைக்கு ஒன்றும் உறைக்கவில்லை.

கழுதை சொன்னது

மூன்று பாகத்திலும் அந்தக் கதவு இருந்தது. எதைக் கொண்டும் திறக்காது. சாவி போட்டுப் பார்த்தோம், கோடரியால் வெட்டிப் பார்த்தோம், பூதத்தைக் கூட்டிவந்து நிறுத்திப் பார்த்தோம். ஆனால் ஒவ்வொரு தடவையும் ஒரு வரி வரும். ஜெபராஜ் வாசிப்பான்.

"கண்ணாடி கெடச்சிட்டாம்ல. இப்ப சாவியத் தேடுதாம். கண்ணாடியப் போட்டாத்தான் சாவி தெரியுமாம். போட்ட பெறவு என்னத்தத் தேடுனோம்னு மறந்துபோச்சாம்."

இன்னொரு நாள்: "இன்னைக்கு அமாவாச, வெளிய வர மாட்டேங்கு."

"வெளிநாட்டுக் கழுதைக்கு அமாவாச ஏதுல?" என்று கேட்டேன். கேட்டேனா இல்லையா? கேட்டேன். "மந்திரவாதி ஊர்ல அமாவாச இல்லாமயா இருக்கும்?" என்றான். நியாயமாகத்தான் பட்டது.

"வெளிய மழ உண்டான்னு கேக்கு. இல்லன்னு அடி" என்றான் ஒருமுறை. அடித்தேன். ஏதோ ஒரு பதில் வந்தது. "'நான் அப்பவே நெனச்சேன்'ங்கு" என்றான். வெளியே மூன்று மாதமாக மழையில்லாமல் கரிசல் காடு வாய் பிளந்து கிடந்தது. நாங்கள் இரண்டு பேரும் மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தோம்.

"ஒரு வரிதானல வருது, நீ இவ்வளவு சொல்லுத?" என்றும் ஒரு நாள் கேட்டேன்.

"இங்கிலீஷ்ல சுருக்கமா இருக்கும்ல. தமிழ்ல வந்தா விரியும்."

எல்லாவற்றையும் நோட்டில் எழுதினேன். 'கழுதை சொன்னது' என்று தலைப்புப் போட்டு, தனிப்பக்கம் ஒதுக்கி. கடைசிப் பாகத்தில் துப்பாக உதவும் என்று நினைத்தேன். மடையன்.

மேசைக்கு மேலே, அக்கா மாட்டிவைத்த 'என்னைப் பார் யோகம் வரும்' கழுதைப் படம் ஒன்று இருந்தது. நம் ஊர்க் கடைகளில் மாட்டியிருப்பார்களே, அது. "பாருல, ஒங்க அக்கா கழுத ஒண்ணு இந்தக் கதவுக்குள்ளதான் இருக்காம்" என்று ஜெபராஜ் அந்தப் படத்தைப் பார்த்துச் சொல்வான்.

லேபிள்

எங்கள் ஊரில் தீப்பெட்டித் தொழிற்சாலையைத் தீப்பெட்டி ஆபீஸ் என்றுதான் சொல்வோம். அப்படி ஓர் ஆபீஸ் வைத்திருந்த அண்ணாச்சி ஒருவர் எங்களிடம் பில் புத்தகம் அடிப்பார். வேட்டியில் எப்போதும் தீக்குச்சி மருந்து வாடை அடிக்கும். ஒருநாள் வந்து உட்கார்ந்தார்.

"வடக்க அனுப்புறதுக்குப் புது லேபிள் வேணும். கிளி, மான், தாமர எல்லாம் எவனெவனோ போட்டுட்டான். பாத்ததும் மறக்கக் கூடாது. நீங்க ரெண்டு பேரும் ஆளுக்கு ஒண்ணு வரைங்க. எது எடுபடுதோ, வரஞ்சவன சிவகாசியில எங்க சகலையோட பிரஸ்ஸுக்கு அனுப்புதேன். லேபிளுக்குன்னே ஒரு ஆள் வேணும்னு கேட்டுக்கிட்டே இருக்காவ."

சிவகாசி பிரஸ் என்றால் அன்றைக்கு எங்களுக்கு அதற்கு மேல் ஒன்றும் கிடையாது. பெரிய மிஷின், நாலு கலர், நிரந்தர வேலை. இனிமேல் 'ஆழ்ந்த அனுதாபங்களுடன்' என்று தட்டச்சு செய்ய வேண்டியதில்லை.

நான் ஒரு புறாவை வரைந்தேன். பக்கத்தில் ரோஜா. உங்களுக்கே கொட்டாவி வருகிறதா? எனக்கும் வந்தது.

ஜெபராஜ் நாலு மத்தியானம் உட்கார்ந்தான். மவுஸைப் பிடித்துக்கொண்டு கோடு கோடாக இழுத்தான். விளையாட்டுக்கு அப்போது வழியில்லை. அதற்கு முந்திய மாதம் வைரஸ் வந்து கம்ப்யூட்டரை முழுசாகத் துடைத்திருந்தோம். ஃபிளாப்பிகளைப் போட்டால் கரகரவென்று சத்தம் மட்டும் வந்தது. கரிசல் தூசி தின்றுவிட்டது என்றார் அக்கா.

ஐந்தாம் நாள் அண்ணாச்சி வந்தார். என் புறாவைப் பார்த்து, "நல்லாருக்கு" என்றார். ஜெபராஜின் தாளைப் பார்த்தார். கண்ணருகே கொண்டுபோனார். பிறகு அவருடைய தொப்பை குலுங்கியது.

கண்ணாடி போட்ட கழுதை. வாயில் எரிகிற தீக்குச்சி. அந்த வெளிச்சத்தில் தரையில் எதையோ குனிந்து தேடிக்கொண்டிருக்கிறது. தேடுகிற கண்ணாடி அதன் மூக்கிலேயே இருக்கிறது.

"ஏ அம்மா!" என்றார் அண்ணாச்சி கண்ணைத் துடைத்துக்கொண்டு. "இது ஓடும்ல. டெல்லிக்காரனும் சிரிப்பான். கழுத முகத்துல முழிச்சா யோகம் வேற."

எனக்குக் காது அடைத்துப்போனது. அந்தச் சென்டரில் அவனுக்கு ஒரு வருஷம் முன்னால் சேர்ந்தவன் நான். அவனுக்கு மவுஸ் பிடிக்கச் சொல்லிக் கொடுத்ததே நான்தான். இப்போது அவன் சிவகாசிக்குப் போவான், நான் இங்கே உட்கார்ந்து கண்ணீர் அஞ்சலி அடிக்க வேண்டும். பூசி மெழுக என்ன இருக்கிறது, பொறாமைதான்.

அண்ணாச்சி சும்மாதான் கேட்டார். "இத எங்கன பாத்து வரஞ்ச?"

"எங்கனயும் பாக்கல அண்ணாச்சி. நானா வரஞ்சதுதான்."

அந்த நேரத்தில் எனக்கு ஒரு நியாயம் கிடைத்துவிட்டது. என்ன துணிச்சலாகப் பொய் சொல்கிறான் என்று நினைத்தேன். உண்மையாகவே அப்படித்தான் நினைத்தேன். பொறாமைக்கு ஒரு நியாயமும் சேர்ந்துவிட்டால் மனுஷன் வாயை யார் பிடிப்பது?

"ஏலே, இது அந்தக் கதவுக்குள்ள இருக்க கழுதல்லா?" என்றேன்.

ஜெபராஜ் என்னைப் பார்த்துச் சிரித்தான். வழக்கம்போல விளையாடுகிறேன் என்று நினைத்தான்.

நான் அண்ணாச்சி பக்கம் திரும்பினேன். "வெளிநாட்டு கேம் ஒண்ணுல வருது அண்ணாச்சி இந்தக் கழுத. கண்ணாடி தேடுறது, எல்லாம். மூணு பாகத்துலயும் உண்டு. இவந்தான் எனக்கு வாசிச்சுச் சொன்னான். என் நோட்டுலயே எழுதி வச்சிருக்கேன்."

நோட்டை வேறு எடுத்துக் காட்டினேன். 'கழுதை சொன்னது.' தேதியெல்லாம் போட்டு.

ஜெபராஜின் சிரிப்பு அப்படியே நின்றது. "அந்தக் கதவுக்குள்ள கழுதையே கெடையாது முருகேசு. நான் சும்மா சொன்னதுல அது."

"மூணு வருசமாச் சும்மா சொன்னியா?"

அவன் என் கையிலிருந்த நோட்டைப் பார்த்தான். அண்ணாச்சியின் முகத்தில் சிரிப்பு போய்விட்டது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவருடைய லேபிள் இன்னொருவருடைய லேபிளைப்போல இருக்கிறது என்று பிரச்சினை வந்து, கட்டிய பண்டலையெல்லாம் பிரித்து, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து ஒவ்வொரு பெட்டியிலும் லேபிளைச் சுரண்டி எடுத்தார்கள். அதை ஊரே பார்த்தது. அடுத்தவன் லேபிள் என்ற சொல்லே அவருக்கு ஆகாது.

"வெளிநாட்டான் லேபிளா? ஆளவிடுங்கடா சாமி" என்று எழுந்தார். ஜெபராஜைப் பார்த்து, "உபதேசியார் மகன்னுதானல ஒன்ன நம்புனேன்" என்றார்.

அந்தச் சொல்லுக்குத்தான் அவன் தலை குனிந்தது. நான் சொன்னதற்குக்கூட இல்லை.

கழுதைத் தாளை அவன் கசக்கவில்லை, கிழிக்கவில்லை. இரண்டாக மடித்து, தப்பாக அடித்த பத்திரிகைகளைப் போடும் பெட்டியில் போட்டான். நான் அதை எடுத்து வைத்திருக்கலாம். எடுக்கவில்லை.

அந்த மாதம் முடியும்வரை வேலைக்கு வந்தான். "பத்திரிகையில மாப்பிள்ள பேருக்கு முன்னால படிப்பு விட்டுப்போச்சு", "அக்கா நாலு மணிக்கு வருவாவ", அவ்வளவுதான் பேச்சு. மத்தியானம் ஒரு மணிக்கு டிபன் டப்பாவை எடுத்துக்கொண்டு ரயில்வே ஸ்டேஷன் பக்கம் போய்விடுவான். மாதக் கடைசியில் நின்றுவிட்டான். அண்ணாச்சி வேறு வழியில்லாமல் என் புறாவையே எடுத்துக்கொண்டார், நான் சிவகாசிக்குப் பஸ் ஏறினேன்.

சாத்தூர் வாசகரே, வேலை கிடைத்தது இப்படித்தான்.

முன்கதை

வருஷங்கள் போயின. கல்யாணம், வாடகை வீடு, பிறகு வீட்டிலேயே ஒரு கம்ப்யூட்டர். வெளியூர் ஆர்டர்க்காரர்களோடு மல்லுக்கட்டி மல்லுக்கட்டி ஆங்கிலமும் ஒருமாதிரி வந்துவிட்டது. ஜெபராஜுக்கு என் கல்யாணப் பத்திரிகையை அனுப்பினேன். அவன் வரவில்லை. அவனுக்குக் கல்யாணம் ஆன செய்தியே எனக்கு மூன்றாம் ஆள் சொல்லித்தான் தெரியும். எங்கள் சென்டரில் அடிக்காமல் வேறெங்கோ பத்திரிகை அடித்தானாம். தங்கம் அக்காவுக்கு அதில் வருத்தம்.

இரண்டாயிரம் பிறந்து சில வருஷம் கழித்து, பெங்களூரில் இருந்த என் சித்தப்பா மகன் ஒரு சிடி கொண்டுவந்தான். அட்டையில் அதே கூர்க்குல்லா! குல்லாக்காரனுக்கு இப்போது முன்கதை வந்திருக்கிறதாம். அவன் பள்ளிக்கூடத்தில் மந்திரம் படித்த காலத்துக் கதை.

குழந்தை மாதிரி ஆகிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் குளிக்காமல்கூட உட்கார்ந்தேன். படங்களெல்லாம் இப்போது பளபளப்பு. ஆட்கள் வாயைத் திறந்து பேசவே செய்கிறார்கள். பேசிக்கொண்டே இருக்கிறார்கள். எனக்கு ஓர் இடத்தில்கூடச் சிரிப்பு வரவில்லை. கதை முன்காலத்தில் நடக்கிறதல்லவா, அந்தக் கோட்டைச் சமையலறை வரும், அந்தக் கதவு வரும், அப்போது அது பூட்டியிருக்காது, கழுதை வெளியே வரும் என்று காத்திருந்தேன்.

மூன்றாம் ஞாயிறு சமையலறை வந்தது. கதவு வந்தது. பூட்டவில்லை. தொட்டதும் திறந்தது.

உள்ளே நாலு துடைப்பமும் ஒரு வாளியும் இருந்தன.

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. "கழுதையத் தூக்கிட்டானுவோ!" என்று கத்தினேன். என் வீட்டுக்காரி அடுப்படியிலிருந்து ஓடிவந்தாள்.

"எந்தக் கழுதைய?"

சொன்னேன். கண்ணாடி, சாவி, அமாவாசை எல்லாம் சொன்னேன். அவளும் சிரித்தாள். "நல்லாத்தான் எழுதியிருக்கான். அதை ஏன் எடுத்தானாம்?" என்றாள்.

அதைத்தான் நானும் கேட்கப் போனேன். பிரவுசிங் சென்டருக்குப் போய், அந்த விளையாட்டின் ரசிகர்கள் கூடும் இணையப் பக்கம் ஒன்றைத் தேடிப் பிடித்து, எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சண்டைக்குப் போனேன். பழைய பாகங்களின் உயிரே அந்தக் கழுதைதான், அதை எடுத்துவிட்டு என்ன முன்கதை வேண்டிக்கிடக்கிறது என்று எழுதினேன்.

இரண்டு நாள் கழித்துப் பதில் வந்திருந்தது. எங்கோ குளிர் தேசத்தில் இருக்கிற ஓர் ஆள், மரியாதையாகத்தான் எழுதியிருந்தார். 'மன்னிக்கவும் நண்பரே, எந்தக் கழுதை?'

அதற்குக் கீழே இன்னொருவர். 'மூன்று பாகத்தையும் பலமுறை முடித்திருக்கிறேன். கழுதை எதுவும் கிடையாது. கதை கேட்க நன்றாக இருக்கிறது. எங்கே படித்தீர்கள்?'

அப்போதும் நம்பவில்லை. இவர்களுக்கு என்ன தெரியும் என்று நினைத்தேன். அந்த நல்ல மனிதரே பழைய மூன்று பாகமும் கிடைக்கிற இடத்தைச் சொன்னார். இறக்கிக்கொண்டு வந்தேன். அந்தப் பழைய நோட்டை ஒரு பக்கம், அகராதியை ஒரு பக்கம் வைத்துக்கொண்டு, முதலிலிருந்து ஆடினேன்.

வேடிக்கை வசனங்கள் உண்டுதான். ஆனால் நான் வருஷக்கணக்கில் நினைத்து நினைத்துச் சிரித்தவை ஒன்றும் அங்கே இல்லை. பூதம் துரத்தும்போது மந்திரவாதி, "கொஞ்சம் இருங்க, செருப்புப் பிஞ்சிட்டு" என்று சொல்ல மாட்டான். தவளை, "எனக்கு இந்தக் கொரலு வேண்டாம், எங்க ஆத்தா அடிப்பா" என்று அழாது. எல்லாம் நோட்டில் என் கையெழுத்தில் இருக்கிறது. திரையில் இல்லை.

கடைசியில் கதவுக்கு வந்தேன். கதவைத் திற என்று அடித்தேன்.

'கதவு பூட்டியிருக்கிறது.'

மறுபடியும் அடித்தேன். கதவு பூட்டியிருக்கிறது. இரண்டாம் பாகத்தில் அடித்தேன். மூன்றாம் பாகத்தில் அடித்தேன். கோடரியால் வெட்டினேன். மழை இல்லை என்று அடித்தேன். அதற்கு மட்டும் வேறு வரி வந்தது. 'நீங்கள் சொல்வது புரியவில்லை.'

'நான் அப்பவே நெனச்சேன்'ங்கு, என்று அவன் வாசித்த இடம்.

எனக்கு அழுகை வந்தது. பொய் சொல்லவில்லை, உட்கார்ந்து அழுதேன். அவன் அன்றைக்கே, அண்ணாச்சி முன்னால், என் முகத்தைப் பார்த்து உண்மையைச் சொன்னான். வெறும் பூட்டிய கதவிலிருந்து அவ்வளவையும் எடுத்துக் கொடுத்தவன், பார்த்து வரைந்தவன் என்று பேர் வாங்கிக்கொண்டு போனான். பேர் வாங்கிக் கொடுத்தவன் நான்.

கடம்பூர்

அடுத்த வாரமே கடம்பூருக்குப் போனேன். பஸ் ஸ்டாப் பக்கத்தில் ஜெபராஜ் எஸ்.டி.டி. பூத்தும் ஜெராக்ஸ் மிஷினும் போட்டிருப்பதாகக் கேள்விப்பட்டிருந்தேன். பஸ்ஸில் போகும்போதே என்னென்ன சொல்ல வேண்டும் என்று மனப்பாடம் செய்துகொண்டேன்.

முன்நெற்றியில் முடி போயிருந்தது. அவனேதான். யாருடைய ரேஷன் கார்டையோ ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் மிஷினை நிறுத்தவில்லை. எடுத்து முடித்து, கொடுத்து அனுப்பிவிட்டு, "வா முருகேசு. உக்காரு" என்றான்.

பக்கத்துக் கடைப் பையனிடம் போளி வாங்கிவரச் சொன்னான். சூடாக வந்தது. நெய் தாளில் ஊறியது. என் பிள்ளைகளைப் பற்றிக் கேட்டான். அவன் அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார் என்றான். கடைச் சுவரில் ஒரு காலண்டரும் கட்டண அட்டையும் தவிர வேறொன்றும் இல்லை. ஒரு கோடுகூட அவன் கையால் வரைந்ததாக இல்லை.

மனப்பாடம் செய்ததெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. "கதவுக்குள்ள கழுதையே இல்லல" என்றேன்.

அவன் என்னைப் பார்த்தான். "அதான் அன்னைக்கே சொன்னேனே."

அவன் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். நான் அவன் கையைப் பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டேன். தப்புப் பண்ணிட்டேன்ல, பொறாமையில பண்ணிட்டேன்ல, புதுசா ஒண்ணு வந்திருக்குல, அதுல அந்தக் கதவு தொறக்கு என்று என்னென்னவோ உளறினேன். ஜெராக்ஸ் எடுக்க வந்த ஓர் அம்மா வாசலிலேயே நின்றுவிட்டார்.

"சரி விடு. ஆள் நிக்காவ" என்றான். அவருக்கு இரண்டு பிரதி எடுத்துக் கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்தான்.

"என்னத்துக்குல அப்படிச் சொன்ன? ஒண்ணுமே இல்லாதத?" என்று கேட்டேன்.

"நீ எழுத்துக் கூட்டிக் கூட்டி அம்புட்டு நேரம் அடிப்ப. அடிச்சிட்டு என் மூஞ்சியவே பாப்ப. 'பூட்டியிருக்கு'ன்னு எப்படிச் சொல்ல?"

நீ இப்போது வரைவதில்லையா என்று நான் கேட்டதற்கு, "அதெல்லாம் இல்ல" என்றான். வேறு பேச்சுக்குப் போனோம். என் பஸ்ஸுக்கு நேரமாகியது. வாசல்வரை கூட வந்தான். அங்கே நின்றுகொண்டு, சும்மா கேட்பதுபோலக் கேட்டான்.

"புதுசா வந்ததுல கதவு தொறந்துச்சுன்னு சொன்னியே. உள்ள என்ன இருந்துச்சு?"

இத்தனை வருஷத்தில் முதல்முறையாக, அவன் என் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றான். வாசித்துச் சொல்ல வேண்டிய முறை என்னுடையது.

"நாலு தொடப்பமும் ஒரு வாளியும்" என்றேன்.

அவன், இன்னும் ஏதாவது சொல்வேன் என்று காத்திருந்தான். எனக்கு ஒன்றும் வரவில்லை.

"அம்புட்டுதானா?" என்றான்.

"அம்புட்டுதான்" என்றேன். பஸ் வந்துவிட்டது.